கையுறைக் கொடி

கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அறைந்தது. முந்தின நாள் பூட்டிவிட்டுப் போன சூடு இன்னும் சுவரை விட்டு இறங்கவில்லை. அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கொதிகலத்தின் குழாயைத் திருகினாள். சர்ரென்று தண்ணீர் இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே வானம் இன்னும் சாம்பல் நிறத்தில்தான் கிடந்தது.

தட்டில் நேற்றைய கத்தரிக்கோல்களும் இடுக்கிகளும் குவிந்திருந்தன. கத்தரிக்கோலின் மூட்டுக்குள் ரத்தம் துருவைப் போல் உறைந்திருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து, சோப்புத் தண்ணீரில் அமுக்கி, மூட்டுக்கு மூட்டு பிரஷ்ஷால் தேய்த்தாள். துணியில் மடித்துச் சுற்றி, வட்ட டிரம்மில் அடுக்கி, அதை வயிற்றோடு அணைத்துத் தூக்கிக் கலத்துக்குள் இறக்கினாள். மூடியின் திருகுகளை இறுக்கும்போது மணிக்கட்டில் பழைய தீக்காயத் தழும்புகள் வெளுத்து மின்னின.

அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், அறுவைக் கருவிகளை நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்குவது அவள் வேலை. டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை அவளை ஆவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான்.

தொப்.

கதவின் அடிப்பலகையில் யாரோ காலால் உதைத்தார்கள்.

"வரேன், வரேன். கதவ ஒடச்சிடாத!" என்று சொல்லிக்கொண்டே ஈரக் கையோடு போனவள், தாழ்ப்பாளில் விரல் பட்ட பிறகுதான் நின்றாள். அப்படி உதைக்கிறவள் ஒருத்திதான். இரண்டு கையிலும் விரிப்பு மூட்டையைச் சுமந்துகொண்டு, "அக்கா, கை ரெண்டும் வாடகைக்குப் போயிருக்கு, நீங்களே தெறங்க" என்று நிற்பாள். அவளைத்தான் போன மாதம் புதைத்துவிட்டு வந்தார்களே.

கதவைத் திறந்தாள். நடைவழியில் ஒருவரும் இல்லை. தூரத்துக் கோடியில் தரை துடைத்துக்கொண்டிருந்த மனிதர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். எந்நேரமும் வாளியோடு திரிவதால் அவருக்குப் பக்கெட் மாமா என்று பெயர்.

"மாமா, இந்தக் கதவ யாராவது உதைச்சாங்களா?"

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். வாயைத் திறந்தால் கிண்டலே வரும் மனிதர். அன்றைக்கு முகத்தில் அது இல்லை.

"உனக்கும் கேக்குதாக்கா?" என்றார்.

செத்துப்போனவளைச் சிட்டு என்பார்கள். ஆஸ்பத்திரியின் சலவைக்காரி. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரின் மனைவி. ஒல்லி உடம்பு, ஓயாத வாய். அவள் நடந்து போனால் பின்னாலேயே சிரிப்பு போகும்.

ஆஸ்பத்திரி கைமாறிய பிறகுதான் எல்லாம் மாறியது. புது முதலாளி டாக்டர் இல்லை. இதற்குமுன் வேறெதையோ விற்றுக்கொண்டிருந்தவர். நோயாளியைப் பார்த்தாலும் மாத்திரை டப்பாவைப் பார்த்தாலும் அவர் கண்ணுக்குச் செலவு மட்டும்தான் தெரிந்தது. ஒருமுறை போட்டுத் தூக்கிப்போட வேண்டிய ரப்பர் கையுறைகளைத் துவைத்து மறுபடி போடச் சொன்னார். கைகழுவும் மருந்துப் புட்டிகளில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். வார்டில் இருந்த ஒரே கைகழுவும் தொட்டியின் குழாய் உடைந்தபோது, சரிசெய்ய ஆள் வரவில்லை. அட்டைப்பெட்டிகள்தான் வந்து தொட்டிக்குள் உட்கார்ந்தன. இரண்டு நர்ஸ் பார்த்த வார்டை ஒருத்தி பார்த்தாள். கடைசியில் ஆவியறைக்கும் இறங்கி வந்தார்.

"பாதியில இறக்கிடு. ஒரு நாளைக்கு இன்னும் ரெண்டு ஆபரேஷன் கூடப் பண்ணலாம்."

"முழுசா வேகலன்னா கிருமி சாகாதுங்க."

"இவ்வளவு சூட்டுல எதும்மா சாகாம இருக்கும்? சொன்னதச் செய்."

பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பாத்துப் பண்ணும்மா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. சில நாள் ஒளித்து மறைத்து முழு நேரமும் வேகவைத்தாள். சில நாள் மேலே ஆபரேஷன் அறையிலிருந்து மணி அலறும், பாதியில் இறக்கிவிடுவாள்.

கையுறைகளைத் துவைப்பது சிட்டுவின் தலையில் விழுந்தது. மொட்டைமாடியில் கொடி கட்டி வரிசையாகத் தொங்கவிட்டாள். காற்று புகுந்தால் ஐந்து விரலும் உப்பி எழுந்து ஆடும். வெளுத்த கைகள், மணிக்கட்டோடு வெட்டித் தொங்கவிட்டாற்போல. மற்றவர்கள் அந்தப் பக்கம் போகவே கூசுவார்கள். சிட்டு மட்டும் நிறைவயிற்றைத் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு கையையும் பிடித்துக் குலுக்குவாள். "வணக்கம் சார், வணக்கம் மேடம். இத்தன கை இருக்கு, ஒண்ணாவது எனக்குத் துணி பிழிஞ்சு குடுக்குதா பாருங்கக்கா."

அதே ஆஸ்பத்திரியில்தான் அவளுக்கும் அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டு விரிப்பை மோந்து பார்த்தாள். "நான் துவைச்ச விரிப்புலயே படுத்திருக்கேன்க்கா. மகாராணி மாதிரி இருக்கு."

பிறகு காய்ச்சல் வந்தது. முதலில் நடுக்கம், அப்புறம் அனல். "எனக்குள்ள யாரோ அடுப்பு மூட்டுறாங்க" என்றாள். தையல் போட்ட இடம் சிவந்து வீங்கி, கட்டைப் பிரித்தால் வாடை அடித்தது. வார்டைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த சின்ன நர்ஸ் மாடிக்கும் கீழுக்குமாக ஓடினாள். காய்ச்சல் மாத்திரை கொடுக்கச் சொன்னார்கள். நாக்கு குழறத் தொடங்கிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார் முதலாளி. சாவு தன் கணக்கில் விழக்கூடாது என்ற அவசரம் அவருக்கு.

புருஷன்தான் ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார். வார்டைக் கடக்கும்போது அவள் கண்ணைத் திறந்து, "மெதுவாத் தள்ளு. சக்கரம் சத்தம் போடுது. புள்ள பெத்தவங்க தூங்குறாங்க" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. வழியிலேயே போய்விட்டாள்.

அதற்கப்புறம் அந்தக் கட்டடம் சரியாக இல்லை.

சின்ன நர்ஸின் கைகள் வெடித்துப் புண்ணாகியிருந்தன. வீட்டுக்குப் போனால் குழாயடியை விட்டு நகர்வதில்லையாம். "எவ்வளவு தேய்ச்சாலும் அந்த வாடை போகமாட்டேங்குதுக்கா" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, சொன்னதற்குப் பயந்தவள் போல ஓடிவிட்டாள். பக்கெட் மாமா ஜன்னலோரக் கட்டிலுக்கடியில் துடைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். ஸ்ட்ரெச்சர்காரர் யாரிடமும் பேசுவதில்லை. ஆளில்லாத ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போதும், பாரம் ஏற்றியவர் போல முதுகை வளைத்துத் தள்ளினார். கைக்குழந்தையை அவருடைய தங்கை வளர்த்தாள்.

அந்தக் கட்டிலுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். சிட்டுவைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. காலையில் நர்ஸைப் பார்த்துச் சிரித்தாள். "ராத்திரி ஒரு அக்கா வந்து விரிப்பெல்லாம் இழுத்துச் சரிபண்ணிட்டுப் போனாங்க. ரொம்ப ஒல்லியா இருந்தாங்க. நல்ல மனசு."

ராத்திரி வேலையில் சின்ன நர்ஸைத் தவிர யாரும் இல்லை. அவள் அந்தக் கட்டில் பக்கம் போகவே இல்லை.

ஆவியக்காவின் கதவை யாரோ உதைத்த அதே நாள் காலையில், அந்தப் புதுப் பெண்ணுக்கும் உடம்பு நடுங்கத் தொடங்கியது.

முதலாளி எல்லோரையும் தன் அறைக்கு வரச் சொன்னார். சிட்டுவின் சாவு வெளியே கசிந்துவிட்டது. விசாரணைக்கு ஆள் வரலாம் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். மின்விசிறி தலைக்குமேல் கடகடத்தது.

"உங்கள்ல ஒருத்தர் கை சுத்தமா இல்ல," என்றார். "அது யாருன்னு எனக்குத் தெரியணும். அந்த ஒரு ஆளு வெளிய போனா மத்தவங்களுக்கு வேலை இருக்கு. இல்லன்னா யாருக்கும் இல்ல."

பேசும்போது அவர் பார்வை சின்ன நர்ஸின் மேலேயே நின்றது. அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவருக்கொருவர் முகம் பார்க்கவில்லை.

"நாளைக்குச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்.

மதியம் சாப்பாட்டு வேளையில் ஆவியக்கா மொட்டைமாடிக்கு ஏறினாள். அங்கே சின்ன நர்ஸ் கொடிக்குக் கீழே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சிட்டு போன பிறகும் துவைத்துப் போடுவது நிற்கவில்லை, தலைக்கு மேலே கையுறைகள் ஆடின. பக்கெட் மாமா சற்றுத் தள்ளி, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலத்தோடு இருந்தார்.

"நானே போயிடறேன்க்கா," என்றாள் நர்ஸ். "நான்தான். பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மாவுக்குச் சீழ் வடிஞ்சுது. தொடச்சுவிட்டேன். அப்ப சிட்டு அக்கா கூப்பிட்டாங்க. குழாய் இல்ல, கீழ போய்க் கழுவிட்டு வரதுக்குள்ள இன்னொருத்தங்க கத்துறாங்க. அப்படியே போய் அவங்க கட்டப் பிரிச்சேன். இந்தக் கைதான்."

ஆவியக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு டிரம்ம நான் பாதியில இறக்கினேன்," என்றாள். "மேலேர்ந்து மணி அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. ஆபரேஷனுக்கு உள்ள போனது சிட்டுன்னு தெரியும். தெரிஞ்சும் இறக்கினேன். அந்தக் கத்திதான் அவ வயித்துல போச்சு."

பக்கெட் மாமா பொட்டலத்தைக் கீழே வைத்தார். "கக்கூசுக்கும் வார்டுக்கும் எனக்கு ஒரே வாளிதான், ஒரே துணிதான். அவ கட்டிலச் சுத்தி நல்லாத் தொடைக்கணும்னு அன்னிக்கு ரெண்டு தரம் தொடைச்சேன். நம்ம புள்ளையாச்சேன்னு. அழுக்க எடுத்துட்டுப் போய்ப் பூசிட்டு வந்திருக்கேன்."

மாடிப்படியில் காலடி கேட்டது. ஸ்ட்ரெச்சர்காரர். எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. மூவரும் எழுந்து நின்றார்கள்.

அவர் வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார். ரொம்ப நாளாகப் பேசாத தொண்டை கரகரத்தது.

"வலிக்குதுன்னு சொன்னா. கட்டு நனைஞ்சிருந்துச்சு. எங்க வலிக்குதுன்னு தொட்டுப் பாத்தேன். அன்னிக்குக் காலைலேர்ந்து எத்தன பேர ஏத்தி இறக்கின கையோ. கழுவணும்னு தோணவே இல்ல. பொண்டாட்டியத் தொடுறதுக்குக் கை கழுவுவாங்களா யாராச்சும்?" அவர் முகத்தை இரு கையாலும் மூடிக்கொள்ளப் போனார், பாதியில் நிறுத்தி, கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "புள்ளையத் தூக்கவே பயமா இருக்கு. தங்கச்சிதான் தூக்குறா. நான் தூரத்துல நின்னு பாக்குறேன்."

காற்று ஓய்ந்தது. கொடியில் விரல்கள் தளர்ந்து தொங்கின.

இத்தனை நாளும் தனக்குள் இருந்தது பயம் என்றுதான் ஆவியக்கா நினைத்திருந்தாள். இப்போது அது கோபமாக இருந்தது.

"ஆளுக்கொரு பேய மடியில கட்டிக்கிட்டு இத்தன நாள் அலைஞ்சிருக்கோம்," என்றாள். "ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்காம. நம்ம கைதான், சரி. யாரு கைன்னு சாகறவரைக்கும் நமக்குத் தெரியப் போறதில்ல. ஆனா கழுவ விடாம இந்தக் கையப் புடிச்சு வச்சது யாரு? ஒடஞ்ச குழாய அப்படியே போட்டது நாமளா? மருந்துல தண்ணிய ஊத்தச் சொன்னது நாமளா? இந்தக் கொடிய நாமளா கேட்டோம்?"

"நாளைலேர்ந்து வேலைய நிறுத்திடுவோம்," என்றார் பக்கெட் மாமா.

"நிறுத்தினா அந்தப் பொண்ணு?" சின்ன நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "காய்ச்சல்ல கெடக்குறா. அவளையும் விட்டுட்டா?"

கீழே எங்கோ ஒரு குழந்தை வீறிட்டு அழுது ஓய்ந்தது.

"நிறுத்த வேண்டாம்," என்றாள் ஆவியக்கா மெதுவாக. "செய்வோம். எப்படிச் செய்யணுமோ அப்படிச் செய்வோம். ஒண்ணையும் விடாம, முழுசா."

ஸ்ட்ரெச்சர்காரர் கொடியருகே போனார். ஒவ்வொரு கையுறையாக இறக்கினார். தன் மனைவியின் கை பட்ட கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கையுறைகளைக் கத்தரித்துக் குப்பைப் பையில் அள்ளினார்கள். கடைசியில் வெறுங்கயிறு மட்டும் நின்றது.

மறுநாள் விடிந்தபோது பக்கெட் மாமா தன் மைத்துனரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். குழாய் வேலைக்காரர். அட்டைப்பெட்டிகள் வெளியே போயின. துருப்பிடித்த குழாய் இருமி, செந்நீர் கக்கி, பிறகு தெளிந்து ஓடியது. அந்தச் சத்தத்துக்கு வார்டில் இருந்த பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பக்கெட் மாமா வீட்டிலிருந்து பழைய வேட்டிகளைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தார். வார்டுக்கு ஒரு வாளி, கக்கூசுக்கு ஒரு வாளி. "எனக்கு இனிமே ரெட்டைப் பக்கெட் மாமான்னு பேர்" என்றார். வெகுநாளைக்குப் பிறகு யாரோ சிரித்தார்கள்.

சின்ன நர்ஸ் ஒரு கட்டிலைப் பார்த்தாள். தொட்டிக்குப் போய்க் கழுவினாள். அடுத்த கட்டிலுக்குப் போனாள். வேலை ஊர்ந்தது. புதுக் கையுறை வந்தால்தான் புண் கட்டுவேன் என்று அவள் பூட்டிக் கிடந்த கையுறை அலமாரி முன்னால் நின்றபோது, கூடமாட இருந்த நோயாளிகளின் உறவுக்காரர்களும் வந்து நின்றார்கள். ஜன்னலோரப் பெண்ணின் மாமியார் எல்லோருக்கும் முன்னால் நின்றாள். சாவி வந்தது, அலமாரி திறந்தது.

அறுவைக்கு ஒரு பெண்ணைப் படுக்கவைத்திருந்தார்கள். அவசரமில்லை என்றாலும் குறித்த நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து மணி அலறியது. ஆவியக்கா அசையவில்லை. மணி ஓய்ந்ததும் முதலாளியே இறங்கி வந்தார்.

"டிரம் எங்க?"

"வேகுதுங்க."

"எவ்வளவு நேரமா?"

"வேக வேண்டிய நேரம்."

"என்ன, எல்லாரும் சேந்து வேலை நிறுத்தமா பண்றீங்க?"

"இல்லங்க. வேலை பண்றோம். இத்தன நாளாத்தான் நிறுத்தி வச்சிருந்தோம்."

அவர் கலத்தை நோக்கி ஓரடி வைத்தார். அவள் நடுவில் நின்றாள்.

"இப்பத் தெறந்தா ஆவி மூஞ்சில அடிக்கும்ங்க. தள்ளி நில்லுங்க."

அவர் தள்ளி நின்றார். அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. நடைவழிக்குத் திரும்பியவர், எதிரே வந்த ஸ்ட்ரெச்சர்காரரைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திக் கனிவாகப் பேசினார்.

"ஏம்ப்பா, நீயுமா இவங்க கூட? உம் பொண்டாட்டியக் கொன்னது யாருன்னு தெரிய வேண்டாமா உனக்கு?"

ஸ்ட்ரெச்சர்காரர் கைப்பிடியை விட்டார். நிமிர்ந்து நின்றபோதுதான் அவர் எவ்வளவு உயரம் என்று தெரிந்தது.

"தெரியுங்க," என்றார். "அவ பேரச் சொல்லி இன்னொருத்தர வீட்டுக்கு அனுப்பாதீங்க. குழாய் எத்தன மாசமா உடைஞ்சு கெடந்துச்சுன்னு விசாரணைக்கு வரவங்ககிட்ட நாங்க எல்லாரும் சொல்லப் போறோம். நாலு பேரும் ஒண்ணா."

"நாலு பேரும் வெளிய போங்க! ஒரு போன் போட்டா வேன்ல ஆள் வந்து நிக்கும்."

யாரும் போகவில்லை. ஆளுக்கொரு வேலை இருந்தது. டிரம்மை முழு நேரமும் வேகவைத்துத்தான் இறக்கினாள் ஆவியக்கா. அறுவை நடந்தது. ஜன்னலோரப் பெண்ணின் காய்ச்சல் இறங்கவில்லை, ஏறவுமில்லை. சின்ன நர்ஸ் சொல்லிச் சொல்லி, டியூட்டி டாக்டரம்மா ஒருவழியாக வந்து புண்ணைப் பார்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு மருந்தை மாற்றினார். நாக்கு குழறும்வரை யாரும் காத்திருக்கவில்லை.

வெயில் சாயும்போது வேன் வந்தது. கூலிக்கு ஆள் அனுப்பும் கம்பெனியின் பெண்கள், தோளில் பையோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள். களைத்த முகங்கள். வேறெங்கோ ஒரு வேலையை முடித்துவிட்டு நேராக வருகிறார்கள் என்பது நடையில் தெரிந்தது. முதலாளி வாசலில் நின்று, "நேரா வார்டுக்குப் போங்க. அங்க நிக்கறவங்க சொல்றத எதையும் கேக்காதீங்க" என்றார்.

வார்டு வாசலில் நால்வரும் நின்றிருந்தார்கள். அவர்கள் வழியை மறிக்கவில்லை. முன்னால் வந்த பெண் தயங்கினாள்.

"எங்க மேல கோவிச்சுக்காதீங்கக்கா," என்றாள் ஆவியக்காவிடம். "எங்களுக்கும் வயிறு இருக்கு."

"உங்க மேல எதுக்கும்மா கோவம்? உள்ள போ. கையக் கழுவிட்டுப் போ."

அந்தப் பெண் தொட்டிக்குப் போய் விரல் நுனியை நனைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அப்படி இல்லம்மா," என்றார் ஸ்ட்ரெச்சர்காரர். அவர் தன் கையை நீட்டி, விரலிடுக்கு, நகக்கண், புறங்கை என்று தேய்த்துக் காட்டினார். காட்டிக்கொண்டே சொன்னார், தாழ்ந்த குரலில். துணி துவைக்கிற ஒருத்தி இங்கே இருந்தாள் என்று தொடங்கினார். அவள் எப்படிப் பேசுவாள், எந்தக் கட்டிலில் படுத்தாள், எப்படிப் போனாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற பெண்கள் நெருங்கி வந்தார்கள்.

"நீங்க யாரு அவங்களுக்கு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"புருஷன்."

அவள் சோப்பை மறுபடி எடுத்தாள். இம்முறை முழங்கை வரை தேய்த்தாள்.

"அங்க என்ன கூட்டம்? சீக்கிரம் உள்ள போங்க!" முதலாளியின் குரல் நடைவழியில் மோதி வந்தது.

"இருங்க சார்," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "இன்னும் கை சுத்தமாகல."

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி பையைக் கீழே வைத்துவிட்டு, வளையலைக் கழற்றத் தொடங்கினாள்.